கத்தரிப்பூ நிறச் சுவெட்டருக்கு ஒரு கை குறைந்த கதை

பதினான்கு வருடம் ஒரே லயக் காம்பரா அறைக்குள் என்னைச் சகித்துக்கொண்ட என் அருமை மதினிக்கு,

நீங்கள் போய் ஆடியோடு இரண்டு வருடம் ஆகிவிட்டது. பேசுவதற்குத்தான் எனக்கு வாய் நீளம், எழுதக் கை வராது என்று நீங்களே சொல்வீர்கள். ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டுச் சேதி. அண்ணனுக்கு முழங்கால் வலி, தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போவதில்லை, தோட்டத்து ஸ்டோரில் இலை கொட்டும் வேலை கொடுத்திருக்கிறார்கள். லயத்து வீட்டு வரிசை முழுக்க யார் இந்தியாவுக்குப் போவது, யார் இங்கே இருப்பது என்று ஓயாத பேச்சு. அண்ணன் வாயே திறப்பதில்லை. ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் போன மாசியில் வற்றிப்போய் மறுபடி வந்தது. உங்கள் மகள் செல்லம்மாவுக்குப் பதினான்கு முடிந்தது. திங்கட்கிழமை அவளுக்குத் தோட்ட வேலைக்குப் பேர் பதிகிறார்கள், கொழுந்துக் கூடை வாங்கியாயிற்று. இன்னும் கொஞ்சம் படிக்கட்டும் என்று நான் எவ்வளவோ சொன்னேன். நீங்கள் இருந்திருந்தால் அண்ணனோடு சண்டை போட்டாவது நிறுத்தியிருப்பீர்கள். என் பேச்சு எடுபடவில்லை.

அந்தக் கூடையைப் பார்த்ததும்தான் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். முன்பக்கம், பின்பக்கம், வலது கை எல்லாம் முடிந்து, இடது கை இல்லாமல் மடித்து வைத்திருந்த உங்கள் சுவெட்டர். இடது கையைப் பின்னிச் சேர்த்து முந்தாநாள் செல்லம்மாவிடம் காட்டினேன். விரித்துப் பார்த்தாள். "அத்தை, இந்த ஒரு கை மட்டும் ஏன் வேற கலரு?" என்று கேட்டாள்.

"அந்தக் கடைக்கார பாய் நூலக் கொறச்சுக் குடுத்து..." என்று ஆரம்பித்தேன் மதினி. நீங்கள் செத்து இரண்டு வருடம் கழித்தும், உங்கள் மகளிடமும் அதே பொய்.  "அடுப்புல என்னமோ கருகுது" என்று எழுந்து போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்த நூல் வாங்கப் போன நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தீபாவளிக்கு அண்ணன் சேலை எடுக்கக் கிளம்பியபோது நீங்கள், "எனக்குச் சேல வேணாங்க. ராக்கு கையால ஒரு சுவெட்டரு போதும், நூல் வாங்கிக் குடுங்க" என்றீர்கள். அண்ணன் உங்களை ஏற இறங்கப் பார்த்தார். நம் லயத்தில் தீபாவளிச் சேலையை வேண்டாமென்ற முதல் பொம்பளை நீங்கள்தான்.

நான் எப்படிப் பெரிய கைகாரி ஆனேன் என்பது எல்லோருக்கும் தெரியும். புருசன் வீடு சரிப்படாமல் திரும்பி வந்த என்னை நீங்கள்தான் துரை பங்களாவுக்கு ஆயா வேலைக்கு அனுப்பினீர்கள். துரைசாணி பின்னுவதைப் பார்த்துப் பார்த்தே பழகினேன். துரை சீமைக்குப் போனபோது அந்த அம்மா இரண்டு சோடி ஊசிகளை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குத் தலைக்கனம். குல்லாய், காலுறை, கைப்பிள்ளைச் சட்டை என்று உத்தியோகஸ்தர்கள் இருக்கும் ஸ்டாப் வீடுகளுக்கெல்லாம் பின்னிக் கொடுத்தேன். சொந்த மதினிக்கு ஒன்றுகூடப் பின்னியதில்லை.

பட்டிப்பொலயில் ரயிலேறி நானுஓயாவில் இறங்கி, பஸ் பிடித்து நுவரெலியா போனோம். கடைக்கார பாய் மேசை நிறைய நூலைச் சிட்டம் சிட்டமாக எடுத்துப் போட்டார். உங்கள் விரல்கள் கொழுந்து பறித்துச் சொரசொரப்பாக இருக்கும், நூல் சிக்கும் என்று புறங்கையால் தடவிப் பார்த்தீர்கள். கத்தரிப்பூ நிறத்துச் சிட்டத்தை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "இது எனக்கு நல்லாருக்குமா பாய்?" என்றீர்கள். அவர் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் ஒவ்வொரு சிட்டத்தின் காகிதத்திலும் இருந்த நம்பரைப் பார்த்துப் பொறுக்கினேன். ஒரே தடவை காய்ச்சிய சாயத்துக்கு ஒரே நம்பர். நம்பர் மாறினால் நிறம் ஒரு பிசிறு மாறும், பின்னி முடித்த பிறகு பட்டையாகத் தெரியும் என்று துரைசாணி சொல்லியிருந்தார். "நூலுக்கும் சாதி பாக்குற நாத்தனாவ இங்கதான் பாக்குறேன்" என்று நீங்கள் கடையிலேயே சத்தமாகச் சிரித்தீர்கள். பத்துச் சிட்டம் வாங்கினோம். பத்தும் ஒரே நம்பர். கணக்குப் பார்த்தால் ஒன்று மிச்சமாக வேண்டிய அளவு.

அந்தப் பத்தையும் உருண்டை சுற்ற நீங்கள் எதிரே உட்கார்ந்து இரண்டு கையிலும் சிட்டத்தை மாட்டிக்கொண்டு பிடித்தீர்கள். மலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த கை. நூல் உங்கள் விரலில் சிக்கும்போதெல்லாம் நான் "அசையாமப் புடிங்க மதினி, நூல் அந்துறும்" என்று எரிந்து விழுந்தேன். நீங்கள் கையைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் பிடித்தீர்கள். அதை நினைக்கும்போது இப்போது எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

இனி நான் சொல்லாமல் மறைத்ததைச் சொல்கிறேன்.

தை மாதம், உறைபனி விழுந்த வாரம். வலது கை முடியப்போகிற நேரம். தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் வீட்டில் ஒரு சோடிக் காலுறை கொடுக்கப் போனேன். போகிற வழியிலும் பின்னிக்கொண்டே போகிற ஆள்தானே நான், உங்கள் நூல் பையும் கையில் இருந்தது. வழக்கமாகப் பின்வாசலில் நின்று கொடுத்துவிட்டுத் திரும்புவேன். அன்று கிளாக்கரம்மா என் பைக்குள் பார்த்துவிட்டு, "ராக்காயி, இந்த நிறம் நல்ல வடிவா இருக்கு. உள்ளுக்கு வந்து இரன்" என்றார்.

கதிரையில் உட்கார வைத்தார், மதினி. கூலிக்காரர்களுக்கென்று வெளியே கவிழ்த்து வைத்திருக்கும் தகரக் கோப்பையில் ஊற்றாமல், பீங்கான் கோப்பையில், சாசரோடு, தேத்தண்ணி கொடுத்தார். "பிள்ளைக்கு இந்த நூலிலேயே ஒரு தொப்பியும் சட்டையும் பின்னித் தாறியோ? வேறை நிறம் வேண்டாம்" என்றார். இது என் மதினியின் நூல் என்று சொல்ல வாயெடுத்தேன். கோப்பை கையில் இருந்தது. "சரிங்கம்மா" என்றேன்.

அடுத்த மாதம் டவுனுக்குப் போனால் அதே நம்பரில் வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். உங்கள் இடது கைக்குரிய நூல் அந்தப் பிள்ளையின் தொப்பியாகவும் சட்டையாகவும் ஆனது. மாசியில் பாய் கடைக்குப் போனேன். "சீம நூலு வரத்து நின்னுபோச்சு தங்கச்சி. அரசாங்கம் உடுறாங்க இல்ல. இந்தக் காப்பிக் கலரு ரெண்டு சிட்டம் கெடக்கு, வேணுமா?" என்றார்.  காப்பி நிறத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் திரும்பி வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நீங்கள் கேட்டீர்கள். "பாய் எடையில கொறச்சுட்டாரு மதினி, நூல் பத்தல. இப்பக் காப்பிக் கலருதான் கெடக்கு" என்றேன். நீங்கள் நம்பவில்லை. "அந்த மனுசன் அப்படிப்பட்ட ஆளு இல்லயே ராக்கு" என்றீர்கள். ஆனால் அண்ணன் நம்பிவிட்டார். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நாலு பேரிடம் சொன்னார், நாலு பேர் நாற்பது பேரிடம் சொன்னார்கள். நம் லயத்திலிருந்து ஒருவரும் அப்புறம் அந்தக் கடை வாசலை மிதிக்கவில்லை. அந்த மனுசன் ஒரு நூல் இழைகூடக் குறைத்துக் கொடுத்தவர் அல்லர்.

பங்குனித் திருவிழாவுக்குக் கிளாக்கரம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்கு வந்தார். பிள்ளை தலையில் கத்தரிப்பூ நிறத் தொப்பி. நீங்கள் என் பக்கத்தில்தான் நின்றீர்கள். பார்த்தீர்கள். ரொம்ப நேரம் பார்த்தீர்கள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "அந்தக் கலரு அந்தப் புள்ளைக்கு எடுப்பா இருக்கு ராக்கு" என்றீர்கள். அவ்வளவுதான். நான் தேங்காய்த் தட்டைச் சரி செய்வதுபோல் குனிந்துகொண்டேன். ஏன் மதினி என்னைத் திட்டவில்லை? நாலு பேருக்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அழுதுகொண்டே ஒப்புக்கொண்டிருப்பேனே.

வீட்டுக்கு வரும் வழியில், "காப்பிக் கலரு இருக்குன்னியே, அதுலயே இன்னொரு கையப் போட்டுத் தாயேன். தேயிலச் செடியா எனக்குக் கலரு பாக்கப் போவுது? என் கம்பளி கிழிஞ்சுபோச்சு, காலையில தோளெல்லாம் வெறைக்குது" என்றீர்கள். அன்றைக்கு நீங்கள் எனக்கு ஒரு வழி திறந்துவிட்டீர்கள் என்று இப்போது புரிகிறது. நான் என்ன சொன்னேன்? "ஒட்டுப் போட்ட வேலையெல்லாம் என் கையில வராது மதினி. கொஞ்சம் பொறுங்க, அதே நூல் வரும்." கௌரவம் மட்டும் காரணமில்லை. காப்பிக் கலர்க் கையோடு நீங்கள் மலைக்குப் போனால், பார்க்கிறவர்கள் எல்லோரும் ஏன் என்று கேட்பார்கள். பெட்டிக்குள் கிடக்கும்வரை யாரும் கேட்க மாட்டார்கள்.

சித்திரை, வைகாசி, ஆனி. ஹட்டனுக்குப் போனவர்களிடம் எல்லாம் நூல் துண்டைக் கொடுத்துவிட்டு விசாரித்தேன். கிடைக்கவில்லை. கிளாக்கரம்மாவிடம் போய் அந்தச் சட்டையைத் திருப்பிக் கேட்டுப் பிரித்திருக்கலாம். பிள்ளைக்கு அதற்குள் சிறிதாகிவிட்டது, கொடுத்தே இருப்பார். அந்தக் கதிரையில் மறுபடி உட்காரக் கிடைக்காதோ என்று கேட்காமல் விட்டேன்.

ஆடி மழையில் நீங்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை மட்டும் தலையில் போட்டுக்கொண்டு மேல் மலைக்குப் போனீர்கள். மூன்றாம் நாள் காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்று லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். என் மடியில் தலை வைத்திருந்தீர்கள். "கை முடிஞ்சிருச்சா புள்ள?" என்றீர்கள். "இன்னும் கொஞ்சந்தான் மதினி" என்றேன். ஊசியில் ஒரு கண்ணிகூட ஏற்றியிருக்கவில்லை.

ஒரு சுவெட்டர் இருந்திருந்தால் நீங்கள் பிழைத்திருப்பீர்களா? தோட்டத்து டாக்டரய்யாவிடம் கேட்டேன். "அதெல்லாம் ஒன்னுமில்ல, சளி முத்திப்போச்சு" என்றார். நம்பிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. நம்பினால் எனக்குச் சுகமாகப் போய்விடும் என்றுதான் பயம்.

உங்களைக் குளிப்பாட்டிக் கோடிச் சேலை கட்டும்போது அந்தச் சுவெட்டரை மடியில் மறைத்து எடுத்துக்கொண்டு வந்தேன். மேலே போட்டு அனுப்ப வேண்டும் என்று. சுற்றி நின்ற பொம்பளைகளைப் பார்த்தேன். விரித்தால் ஒரு கை இல்லாதது தெரியும். விரிக்கவில்லை. நீங்கள் குழிக்குள் போனீர்கள், அது என் மடியிலேயே வீட்டுக்குத் திரும்பி வந்தது. செத்தவளுக்குப் போடக்கூட அடுத்தவர்கள் வாய்க்குப் பயந்தவள் நான்.

போன மாதம் பாய் கடைக்குப் போனேன். இரண்டரை வருடத்துக்குப் பிறகு. அந்தக் காப்பி நிறச் சிட்டம் இரண்டும் அப்படியே தூசி படிந்து கிடந்தன. எடுத்துத் தட்டிக் கொடுத்தார். "மதினி நல்லாருக்காங்களா தங்கச்சி?" என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது, நீங்கள் போனதும் தெரியாது, தன் பேர் நம் லயத்தில் கெட்டதும் தெரியாது. இரண்டையும், இந்த நூல் செல்லம்மாவுக்கு என்பதையும் அங்கேயே நின்று சொன்னேன்.  அப்புறம் காகிதத்தில் நூலைச் சுற்றிக் கொடுத்து, "புள்ளைக்குப் பின்னிக் குடுங்க" என்றார்.

அவரிடம் சொன்னது போதாது. தோட்டத்து வாசகசாலைக்கு வரும் பத்திரிகைக்கே இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன். பொய் லயம் முழுக்கப் போயிற்று, நிசமும் போகட்டும். யாராவது உரக்க வாசிக்கட்டும், அண்ணனும் கேட்கட்டும்.

ஆனால் செல்லம்மா அதை அடுத்தவர்கள் வாயால் கேட்க வேண்டாம். திங்கட்கிழமை பெரட்டுக்கு முன்னால், நாளைக்கே, அவளை உட்கார வைத்து எல்லாம் சொல்வேன். கிளாக்கரம்மா கொடுத்த கோப்பையைச் சொல்வேன், பாயைச் சொல்வேன், லொறியைச் சொல்வேன். சுவெட்டரை வாங்கிப் போட்டுக்கொண்டால் பித்தான் மாட்டிவிடுவேன். என் முகத்தில் விட்டெறிந்தால் எடுத்து மடித்து வைப்பேன், அவள் கேட்கும்வரை.

அவள் ஒன்றைக் கட்டாயம் கேட்பாள், உங்கள் மகள் அல்லவா: "அந்தக் கையப் பின்ன எத்தனை நாளாச்சு அத்தை?" என்று. அதற்கும் பொய் சொல்ல மாட்டேன், மதினி. இது சத்தியம். நாலு நாள். வேலை முடிந்து வந்து, விளக்கு வைக்கும்வரை பின்னி, நாலே நாள்.

நீங்கள் கட்டிக் காத்த வீட்டில் இன்னும் இருக்கும்,
உங்கள் நாத்தனார்
ராக்காயி