கோயில் ஏலத்தில் போன வட்டு

அன்புள்ள மகன் தினுஷனுக்கு,

செபஸ்தியார் காவலில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் நிஷாந்தினியும் பேத்தி டெனிஷாவும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கத் தினமும் செபமாலை சொல்லி மன்றாடுகிறேன். சிலாபம் ஆஸ்பத்திரியில் கொடுத்த குளிசையால் அப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. கடல் அடங்கிவிட்டது, மீனுக்குக் குறைவில்லை.

நீ போனில் கத்தியபோதே பதில் சொல்லியிருப்பேன், கோபம் வந்தால் எனக்குக் கதை வராது, அதனால்தான் எழுதுகிறேன். டெனிஷா அடித்த முதல் கோல், அதுவும் உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் ஐஸ் ஹொக்கி அணிக்கே முதல் கோல், அதை அடித்த கறுப்பு றப்பர் வட்டை நாங்கள் பார்க்கட்டும் என்று நத்தார்ப் பண்டிகைக்கு ஊருக்கு வந்தவர்களிடம் கொடுத்துவிட்டாய், சரி. திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னாயா? புது வள்ளம் இறக்கினால் முதல் மீன் கோயிலுக்கு என்பது நீ வளர்ந்த வீட்டு வழக்கம்தானே. பிள்ளையின் முதல் கோலையும் அப்படித்தான் செபஸ்தியார் திருநாளன்று கோயிலில் கொண்டுபோய் வைத்தேன். பங்குச் சுவாமி செபம் சொல்லி மந்திரித்தார், பிறகு வாழைக்குலை, சேவலோடு அதையும் ஏலம் போட்டார்கள். என்ன சாமான் என்று தெரியாமல் சனம் சிரித்தது, மேசைக் காலுக்கு அண்டை கொடுக்கலாம் என்றுகூட ஒருவன் சொன்னான். சிரிக்காமல் எடுத்தவன் உன்னோடு படித்த றொபி மட்டும்தான், போன புயலில் வலை முழுவதையும் இழந்தவன்.

சோளக்காடாக இருந்த உங்கள் ஊருக்குச் சொந்த ஐஸ் மைதானம் வருகிறது, திறக்கும் நாளில் வட்டைக் கண்ணாடி அலுமாரியில் வைக்கப்போகிறார்கள் என்று நீ இப்போதுதானே சொல்கிறாய். கேட்டு வாங்கி வரப்போன அப்பா இரண்டு பாரை மீனோடு வந்தார், வட்டு வரவில்லை. றொபி அதை வள்ளத்தின் முன்பக்கத்தில் இறுக்கி வைத்திருக்கிறானாம். கோயில்ல எடுத்த நாள்ல இருந்துதான் மாமா எனக்கு மீன் படுது, அதக் கழட்டிட்டுக் கடலுக்குப் போக எனக்குப் பயம் என்று கண் கலங்கச் சொன்னானாம். அவனில் என்ன குற்றம் சொல்ல? நான் செய்ததும் பிழை என்று நினைக்கவில்லை. ஆனால் டெனிஷா என்னோடு கதைக்காமல் இருப்பது நெஞ்சை அறுக்கிறது.

கோயிலுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு நான் யார் வாசலிலும் நின்றதில்லை. றொபியின் கதையை ஒளிக்காமல் டெனிஷாவிடம் சொல், முடிவை அவளே சொல்லட்டும். வேண்டும் என்றாளானால் வெட்கத்தை விட்டுவிட்டு நானே அவன் வாசலில் போய் நிற்பேன்.

மார்ச்சில் தலவிலைக் கோயில் திருநாளுக்குப் போகும்போது உங்கள் மூவருக்கும் புனித அன்னம்மாளிடம் மெழுகுதிரி கொளுத்துகிறேன். விளையாடும்போது பல்லுக்குப் போடும் கவசத்தை அவள் மறந்துவிடாமல் பார்த்துக்கொள். ஆண்டவர் உங்களைக் கைவிடாமல் காப்பாற்றட்டும். ஞாயிற்றுக்கிழமை போனை அவளிடம் கொடு. ஏசினாலும் ஏசட்டும், குரலைக் கேட்டால் போதும்.

அன்புடன்,
அம்மா அனஸ்தாசியா