இரண்டாம் ஓவனின் வெள்ளை வயர்

மார்ச் 4, செவ்வாய்

வெட்கம்தான், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். கம்ப்யூட்டர் அறையின் கண்ணாடிக் கதவைப் பார்த்துத்தான் நான் மீசைக்கு மை போட்டுக்கொள்கிறேன். வீட்டில் போட்டால் வீட்டுக்காரி சிரிக்கிறாள். இன்று பாதி மீசையில் இருக்கும்போது, திரையில் இரண்டு ஓவனின் சூடும் சட்டென்று பூஜ்யம் ஆனது. நான் எதையும் தொடவில்லை. சத்தியமாக.

எங்கள் தொழிற்சாலை ஓவன்களில் வேகுவது கேஸ் அடுப்புக்கான ரப்பர் குழாய். சூட்டை வயர் வழியாக வாங்கிக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது உள்ளங்கை அகல எலக்ட்ரானிக் கார்டு ஒன்று. அதன் ஃபியூஸ் போயிருக்கும் என்கிறார்கள். இரண்டாம் ஓவனை நிறுத்திப் பழுது பார்த்த எலக்ட்ரீசியன் கையில் கார்டின் கரண்ட் வயர் ஒன்று இரும்பில் உரசிவிட்டதாம். எலக்ட்ரீசியன் யார்? வீட்டுக்காரியின் தம்பி.

மேலாளர் கத்தவில்லை. மச்சினனைப் பார்த்து, "கார்டு போயிருந்தா, நீ இனிமே வர வேண்டாம்" என்றார்.

அவனுக்கு வேலை கேட்டு வாங்கிக் கொடுத்தவனே நான். அவன் அக்காவிடம் யார் சொல்வது?

மார்ச் 5

கார்டு விற்றவர்களிடம் மச்சினன் போனில் கேட்டான். அதில் இருப்பது தானாகச் சேரும் ஃபியூஸாம். சூடு ஏறினால் துண்டித்துக்கொள்ளும்; கார்டுக்கு வரும் கரண்டை அணைத்து ஆறவிட்டால் மறுபடி சேர்ந்துவிடும்.

"உங்க அக்கா மாதிரி" என்றேன்.

"சும்மா இருங்க மாமா. என் வேலையே போகப்போகுது."

அணைத்தோம். காத்திருந்தோம். போட்டோம். வந்துவிட்டது. முதல் ஓவன் நூற்று ஐம்பது. இரண்டாம் ஓவன் நூற்று ஐம்பது. அவன் முதுகில் ஒரு தட்டு தட்டினேன். அவன் திரும்பவே இல்லை.

"மாமா... ரெண்டாவது நேத்துலேருந்து ஆஃப்ல இருக்கே."

ஓடிப்போய் உள்ளே கை விட்டேன். ஜில்லென்றிருந்தது. திரையில் நூற்று ஐம்பது.

என்னடா இது?

அதே நாள், சாப்பாட்டுக்குப் பிறகு

பெட்டியைத் திறந்தோம். இரண்டாம் ஓவனின் சூட்டைக் கொண்டுவர வேண்டிய வெள்ளை வயர் கார்டில் மாட்டப்படவே இல்லை. அழகாகச் சுருட்டி டேப் ஒட்டியிருக்கிறது. கார்டில் ஓர் இடம் காலியாக இருந்தால், திரையில் அங்கே பக்கத்து ஓவனின் எண்ணே நிழல் மாதிரி விழுமாம். இத்தனை வருடமும் இரண்டாம் ஓவன் என்ன சூட்டில் வேகவைத்தது? ஒருத்தருக்கும் தெரியாது. கார்டை மாட்டிய அன்று பக்கத்தில் நின்று சரி சொன்னவர் மேலாளர்.

"மூடுடா. வேலை தப்பிச்சுது, கம்முனு இரு." சொன்னது நான்தான். நான்.

"வீட்டு அடுப்புல மாட்டுற குழாய் மாமா அது."

மேலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டான்.

மார்ச் 6

மேலாளர் கூப்பிடவே இல்லை. மீசைக்கு மை போடவும் மறந்துவிட்டேன்.

மார்ச் 7

மேலாளர் வந்தார். மச்சினனிடம், "அந்த வயரை நீயே மாட்டு" என்றார். ஓவனைப் போட்டு, கைத் தெர்மாமீட்டரையும் வைத்தார்கள். மேலாளர் குனிந்து பார்த்ததில் சட்டைப் பையிலிருந்த மூக்குக்கண்ணாடி ஓவனுக்குள் விழுந்தது. மச்சினன்தான் எண்ணைப் படித்தான். நூற்று இருபது. திரையிலும் நூற்று இருபது.

வேண்டியது நூற்று ஐம்பது. வேகாத குழாய். எத்தனை வீடுகளில்!

விற்ற குழாய்களையெல்லாம் திரும்ப வாங்கச் சொல்லி உத்தரவு தயாரானது. அதற்குள் ஓவனிலிருந்து எடுத்த கண்ணாடியும் ஆறிவிட்டது. அதன் இரண்டு பிளாஸ்டிக் கால்களும் உருகி வளைந்து ஒன்றையொன்று கட்டிக்கொண்டிருந்தன. மேலாளர் அதை மூக்கில் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பாதி தாளில் விழுந்தது, பாதி மேசையில்.