மற்றும் இருவர்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுகிறேன். என் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும், முழங்கால் உட்பட, நன்றாக இருக்க வேண்டும். இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா கோர்ட்டு என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாய். போனில் நீ பேச ஆரம்பித்தால் எனக்கு இடமே கிடைக்காது, அதனால் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

எல்லாம் உன் மகளால் வந்தது. சட்டம் படிக்கப் போனவள், என் சட்டப் புத்தகத்தில் நம் கேஸ் இருக்கிறது பாட்டி, கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்காரும் உரிமை கொடுத்த பெரிய தீர்ப்பாம் என்று குதித்தாள். கேஸின் தலைப்பில் உங்கள் கடைச் சிநேகிதி கொக்கின் பெயர் இருக்கிறது, அதற்குப் பிறகு 'மற்றும் இருவர்' என்று மட்டும் போட்டிருக்கிறது, அதில் நீங்கள் எங்கே என்றாள். அந்த இருவரில் ஒருத்திதான்டி நான் என்றேன். தீர்ப்புக்கு அப்புறம் நீங்கள் மூன்று பேரும் என்ன ஆனீர்கள், அது புத்தகத்தில் இல்லையே என்று கேட்டாள் பார், இத்தனை வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை, நீ உட்பட.

அந்தத் துணிக்கடையில் காலை ஷட்டர் ஏறியதிலிருந்து இறங்கும்வரை நாங்கள் நின்றோம். சுவரில் சாயக்கூடாது, மேசையில் கை ஊன்றக்கூடாது. கர்ப்பமாக இருந்த ஒருத்தி மயங்கி விழுந்த அன்றைக்குத்தான் கொக்கு, அவள் உயரத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அது, வாங்கடி வக்கீலைப் பார்க்கலாம் என்று கிளம்பினாள். நானும் எங்களில் சின்னவளும் பின்னால் போனோம். உட்கார இடம் கேட்ட கேஸுக்குக் கோர்ட்டு வராந்தாவில் பெஞ்சு இல்லாமல் நாள் முழுக்க நின்றதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சூப்பர்வைசர் கூண்டில் ஏறி, இவங்க யாரும் நாற்காலி கேட்டதே இல்லீங்க என்று சாதித்தான். ஆனாலும் ஜெயித்தோம்.

ஜெயித்து என்ன ஆனது என்று கேள். கேஸ் போட்டதும் நிறுத்திய எங்களுக்குத் திரும்ப வேலை கொடுக்க வேண்டும் என்று உத்தரவு இருந்ததால் கொக்கைச் சேர்த்துக்கொண்டார்கள். கீழே கிடங்கில் சுவரைப் பார்த்து ஒரு நாற்காலி போட்டு, உட்காரத்தானே கேட்ட, உட்காரு என்றார்கள். வேலை ஒன்றும் கிடையாது, பேச ஆள் கிடையாது. வெறுத்துப்போய் ஓடிவிடுவாள் என்று பார்த்தார்கள். அவள் ஓய்வு பெறும்வரை அந்தச் சுவருக்கு முன்னால் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன வருஷம்தான் போய்ச் சேர்ந்தாள். சின்னவள் பயந்து திரும்பப் போகவில்லை, வேறு கடை எதுவும் அவளை எடுக்கவில்லை. கல்யாணம் ஆகிப் போனாள், கோர்ட்டுக்குப் போனவள் என்பது இன்றுவரை புகுந்த வீட்டுக்குத் தெரியாது. எனக்குப் போட நாற்காலிகூட மிச்சமில்லை என்று கிண்டல் செய்து பெட்டி தூக்க அனுப்பினார்கள், இடுப்பு போனது, வெளியே வந்து தையல் மெஷின் போட்டேன். அம்மா ரோஷத்தில் வேலையை விட்டாள் என்று நீ உன் மகளிடம் சொல்லி வைத்திருக்கிறாயாம், திருத்திச் சொல். அந்தச் சூப்பர்வைசரையும் காலில் நரம்பு புடைத்து நிற்க முடியாமல் போனதும் அனுப்பிவிட்டார்கள். ஒருநாள் பேன்ட் சுருக்க என்னிடமே வந்தான். முதலில் உட்காருங்க, அப்புறம் அளவெடுக்கலாம் என்றேன். உட்கார்ந்தவன் தலையைத் தூக்கவே இல்லை.

இப்போது அந்தக் கடையின் சின்ன முதலாளி புது மாடி திறக்கிறான், பழைய ஆள் என்று என்னை மேடையில் உட்கார வைத்துப் பொன்னாடை போடுகிறேன் என்றான். போயிட்டு வாம்மா, பழசை விடு என்று நீயும் சொன்னாய். போனேன். மேடைக்கு முன்னால் கடையைப் பார்க்கிறேன் என்றேன். ஒவ்வொரு கவுன்ட்டருக்குப் பின்னாலும் ஸ்டூல் இருக்கிறது, அதன் மேல் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறது. துண்டுப் பிரிவில் நின்ற பெண்ணிடம் ஏம்மா இப்படி என்றேன். உக்காரலாம் பாட்டி, ஆனா உக்காந்தா மறுநாள் கிடங்குதான் என்று உதடு அசையாமல் சொன்னாள். பெட்டிகளை நானே இறக்கி வைத்து அவளை உட்கார வைத்தேன். சின்ன முதலாளி ஓடிவந்து, உங்களுக்கு மேடையில குஷன் நாற்காலி போட்டிருக்கோமே பாட்டி என்றான். எனக்கு எதுக்கு தம்பி, நான் வீட்டுல உக்காந்துக்கறேன், இது காலையிலேருந்து நிக்குது என்றேன். போட்டோக்காரர்கள் இருந்ததால் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். பொன்னாடையை அந்த அட்டைப்பெட்டிக்குப் போடச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்தப் பெண் நேற்று வந்தாள். கிடங்குக்கு அனுப்பிவிட்டார்களாம், சுவரைப் பார்த்து நாற்காலியாம். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன், கொக்கை நினைத்து. உடனே உன் மகளைக் கூப்பிட்டேன். அன்றைய உத்தரவை இன்று மீறினாலும் கேஸ் போட்டவர்கள் திரும்பக் கோர்ட்டில் போய்க் கேட்கலாம் என்றாள். நம் பழைய வக்கீலின் மகளும் அதையே சொன்னாள். அந்தப் பெண்ணின் பெயர் எதிலும் வர வேண்டாம், வேலை போய்விடும் என்றேன். கொக்கு இல்லை, சின்னவளால் வெளியே வர முடியாது. மிச்சம் நான்தான். இனிமேல் என்னிடமிருந்து பிடுங்க அவர்களிடம் என்ன இருக்கிறது, முழங்காலா? திங்கட்கிழமை மனுவில் கையெழுத்துப் போடுகிறேன். அம்மா சொன்னால் கேட்க மாட்டாள் என்று ஊரெல்லாம் சொல்கிறாயே, அதைக் காப்பாற்ற வேண்டாமா.

மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நின்றுகொண்டே சமைக்காதே, ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுக்கொள். பேத்தியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடு, அவள் நன்றாகப் படித்து என்னைவிட வாயாடியாக வர வேண்டும். மூன்று பேரும் தலை நிமிர்ந்து நூறு வருஷம் இருங்கள். புத்தகத்தின் அந்தப் பக்கத்தை மறக்காமல் நகலெடுத்து அனுப்பு, கொக்கின் மகனுக்கும் ஒன்று கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
இந்த முறை முதல் பெயராக வரப்போகும்
உன் அம்மா