தொழில் இல்லாதவராம் என் நானா

என் உயிரான நானாவுக்கு,

உங்களுக்குத் தொழில் இல்லையாம். பதிவுக் கந்தோரில் எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் மௌத்தாகி மூன்று மாதம் கழித்து உங்கள் தங்கச்சிக்குக் கிடைத்த செய்தி இது.

மரணப் பதிவுக்கான படிவத்தில் ‘தொழில்: இல்லை’ என்று போட்டு, அதற்குக் கீழே, கலகக்காரர்கள் இருந்த காட்டுப் பக்கம் காரணமில்லாமல் திரிந்தவர் என்று ஒரு வரி. அதில் நான் கையெழுத்து வைத்தால் எல்லாம் முடிந்துவிடும். வைக்கவில்லை. மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் வைக்காமல் திரும்பி வந்தேன்.

காரணமில்லாமலா திரிந்தீர்கள்? அந்தச் சித்திரையில் அரசாங்கத்துக்கு எதிராக இளைஞர்கள் துவக்குத் தூக்கியதும் மாத்தளைக் கடைகளெல்லாம் பலகை போட்டு மூடிவிட்டன. கொழும்பிலிருந்து வந்த நிருபர்கள் ரத்தோட்டையைத் தாண்டவில்லை. நீங்கள்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு லக்கலை மலைப்பாதையில் ஏறினீர்கள். எந்தப் பத்திரிகையும் உங்களுக்குச் சம்பளமோ அடையாள அட்டையோ தரவில்லை. அனுப்பினால் போடுவார்கள். போட்டாலும் ‘நமது விசேட நிருபர்’ என்றுதான் போடுவார்கள். நான் முணுமுணுத்தால் சிரிப்பீர்கள். “எனக்கு எதுக்குப் பேரு? செத்த புள்ளைகள்ட பேரப் போட்டாப் போதும்.” அந்தப் பெருந்தன்மை இன்று யார் கழுத்தைப் பிடிக்கிறது, தெரியுமா?

உங்கள் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். அச்சுக் கோப்பவர்கள் திட்டுவார்கள் என்று எல்லாவற்றையும் நான்தான் பார்த்து எழுதிக் கொடுப்பேன். எழுதி முடித்ததும் உங்கள் தாள்களை அடுப்பில் போட்டுவிடுவீர்கள். உங்களிடம் பேசியவர்களை யாரும் தேடிப் போகக்கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதம். “வீட்டச் சோதிச்சா என்னத்த எடுப்பாங்க? சாம்பலத்தான்” என்று கேலி வேறு.

அதுதான் வினையாகிவிட்டது. பத்திரிகைக்கு எழுதினேன்; சம்பளம் வாங்காதவருக்குக் கடிதம் தர முடியாது என்றார்கள். நீங்கள் அனுப்பிய கட்டுரைகளை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு கந்தோருக்குப் போனேன். அங்கிருந்த கிளார்க் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். பொல்லாதவர் என்று சொல்ல முடியாது. கட்டுரையையும் நான் நிரப்பிய விண்ணப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“தங்கச்சி, இது உங்கட எழுத்தல்லோ?”

“எழுத்து என்னுது. போய்ப் பாத்தது எங்கட நானா.”

“அதை நான் எப்பிடி நம்புறது? இப்ப வீட்டில இருந்து எழுதிக்கொண்டு வந்ததெண்டு மேல உள்ளவை சொல்லுவினம். வில்லங்கப்படாமல் கையெழுத்தை வைச்சிட்டுப் போங்கோ.”

அவர் நீட்டிய பேனாவை மூடி, அவர் பக்கமே தள்ளிவிட்டு எழுந்து வந்தேன்.

மாமாவும் அதையேதான் சொல்கிறார். “ஒரு வரிதானே புள்ள, வெச்சிட்டு வா. பொறகு எங்களயும் தேடி வருவாங்க.” உங்கள் நாற்பதாம் நாள் கத்தம் ஓதலுக்கே பயத்தில் தெருவில் பாதிப்பேர் வரவில்லை. மாமாவைக் குறை சொல்லி என்ன? ஆனால் அந்த வரியை ஏற்றுக்கொண்டால், உங்களை மலைப்பாதையில் சுட்டுப் போட்டது சரி என்றல்லவா ஆகிவிடும்? யார் சுட்டது என்று கேட்டால் படையினர், கலகக்காரர் இரண்டு பக்கமும் மற்றப் பக்கத்தைக் காட்டுகிறது.

நேற்று ஒரு அம்மா வந்தார். பல்லேகமவிலிருந்து, நீங்கள் கொடுத்த விலாசத்தைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். சிங்களத்தில்தான் பேசினார். உங்கள் கடைசிக் கட்டுரையில் வரும் செத்த பிள்ளைகளில் ஒருவனுடைய தாய். மகனின் பெயரை நீங்கள் முதலில் தன்னிடம் கேட்டீர்கள், பிறகு பக்கத்து வீட்டிலும் கேட்டுச் சரிபார்த்தீர்கள் என்றார். ஒரு பெயரை இரண்டு பேரிடம் கேட்காமல் எழுதமாட்டீர்களே, நானா. அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கந்தோருக்கு வந்து இதைச் சொல்வீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் மகன் கலகக்காரன் என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். அவர் வீட்டில் இன்னொரு மகன் இருக்கிறான். ஆனால் அவரே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “என் மகன்ட பேரச் சொல்ல ஊரே பயந்துச்சு. அந்த மஹத்தயா, உங்கட நானாதான் வந்து கேட்டு எழுதினாரு. அவரு என்ன வேல செஞ்சாருன்னு சொல்ல நான் பயப்படுறதா, மகள்?”

இரவு எங்களோடுதான் தங்கினார். இதை முடித்ததும் இருவரும் கந்தோருக்குப் புறப்படுகிறோம். கிளார்க் ஐயா இன்றும் முடியாது என்று சொல்லலாம். சொல்லட்டும். நாளைக்கும் போவோம்.

உங்களுக்கு வாக்குத் தருகிறேன். படிவத்தில் ‘பத்திரிகையாளர்’ என்று எழுதும்வரை என் கையெழுத்து விழாது. அதுவரை சும்மா இருக்கவும் மாட்டேன். நீங்கள் போக நினைத்திருந்த வில்கமுவப் பக்கம் அந்த அம்மாவுக்குத் தெரிந்த வீடுகள் இருக்கின்றனவாம், இன்னும் யாரும் பெயர் கேட்காத வீடுகள். அங்கே போவேன். கேட்டு எழுதுவேன். பத்திரிகை போடுகிறதோ இல்லையோ, அடியில் என் முழுப்பெயரையும் வீட்டு விலாசத்தையும் எழுதியே அனுப்புவேன். தேடி வருகிறவர்கள் வரட்டும், நானா. நான் ஓடமாட்டேன்.

உங்கள் ஒரே தங்கச்சி,
ஸுபைதா