நெடி நின்ற பிறகு

சிஸ்டர்,

நேற்று பல்லடத்தில் பூச்சிமருந்துக் கடைக்குப் போயிருந்தேன். நுழைந்ததும் மண்டையைப் பிளந்த அந்த நெடி, இரண்டே நிமிடத்தில் காணாமல் போயிற்று. அவ்வளவுதான்! வாங்க வந்ததை மறந்து, வேட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். பின்னாலேயே வந்த கடைக்காரர், "ஏனுங்க மாமா, பாம்புங்களா?" என்றார். பாம்பாக இருந்தால் நின்று குசலம் விசாரித்திருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் நாலு ஏக்கர் பருத்திக்குச் சக்கரவர்த்தி. மருந்தடிக்கும் டேங்கை முதுகில் மாட்டினால் புழுக்களெல்லாம் கேரளாவுக்குக் குடிபெயரும் என்று பீற்றிக்கொள்வேன். ஒருநாள் மூன்றாவது டேங்க் கலக்கும்போது நெடியே தெரியவில்லை. என் மூக்குதான் மரத்துவிட்டது என்று மாமன்னருக்குத் தோன்றவில்லை. மருந்தில் வீரியமில்லை என்று இன்னும் இரண்டு மூடி ஊற்றினேன். சாயங்காலம் வாயில் நுரையோடு உங்கள் வார்டுக்கு வந்து சேர்ந்தேன்.

ஊசிகளில் தேறி, மறுநாள் "என்னைத் தூக்க எமனுக்கு நாலு எருமை வேணுமுங்க" என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. "அதிருக்கட்டுங்கண்ணா, தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்க. இந்த மருந்து மறுபடி பிடிச்சா முதல்ல கழுத்துத்தான் சொல்லும்." தூக்கினேன். அதற்கடுத்த காலை தூக்க முடியவில்லை. இமைகள் தாமாக இறங்கின. மூச்சு பாதியிலேயே நின்றது.

தொண்டையில் குழாய் போட்டார்கள். மூச்சு மெஷின் வேறொருவருக்கு ஓடிக்கொண்டிருந்ததால், நீங்கள்தான் ரப்பர் பையை அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்தீர்கள். "ஆளு முடிஞ்சுதுங்களா?" என்று யாரோ கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது. இல்லை என்று காட்ட ஒரு விரல் அசையவில்லை. அந்தப் பயத்தைச் சொல்ல என் புளுகு மூட்டையிலும் சரக்கில்லை.

"இவருக்குக் கேக்குது, பார்த்துப் பேசுங்க" என்று அதட்டிவிட்டு, காதோரம் குனிந்தீர்கள். "பயப்படாதீங்கண்ணா. நரம்பு விடற ரசாயனம் வந்து பட்டாத்தான் தசையில இருக்கற குட்டிக் கதவு திறக்கும். சேதி சொன்னதும் அதைக் கூட்டித் தள்ள உடம்புல ஒரு ஆள் உண்டு. அந்த ஆளை உங்க மருந்து கட்டிப்போட்டிருச்சு. ரசாயனம் போகாம ஒட்டிட்டே நின்னா, கதவு மரத்துப்போயி மூடிக்கும். உடைஞ்சு போகலீங்க. அது விலகட்டும், மறுபடி திறக்கும். அதுவரைக்கும் நானிருக்கேன்."

எத்தனை நாள் என்று சொல்லவில்லை. உங்களுக்கும் தெரியாது என்பதைப் பையை அமுக்கிய கையின் அவசரத்தில் தெரிந்துகொண்டேன்.

பிறகு மெஷின் கிடைத்தது. நாட்கள் போயின. ஒரு காலை, தலையணைக்கும் நான் தூக்கிய தலைக்கும் நடுவே உங்கள் ஒற்றை விரல் நுழைந்தது. "விரல் போகுதுங்கண்ணா!" என்று வார்டே திரும்பும்படி கூவினீர்கள். இமயத்தைத் தூக்கி வைத்திருந்தால்கூட அப்படிக் களைத்திருக்க மாட்டேன்.

போன மாதம் கருமத்தம்பட்டி சர்ச்சில் உங்கள் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. உள்ளேயும் ஏதோ மூடிக்கொண்டதோ என்று நடுக்கமாக இருந்தது. நேற்று அந்த ரோட்டோரத்தில்தான் வந்தது. கடைக்காரர் பயந்துபோய்ச் சோடா உடைத்துக் கொடுக்கும் அளவுக்கு அழுதேன்.

இன்று காலையும், கண் திறப்பதற்கு முன்பே தலையைத் தூக்கி, அடியில் என் விரலை நுழைத்துப் பார்த்தேன்.

போகுதுங்க, சிஸ்டர்.