பாதி பூசிய படகு

என் செல்லப் பரிமளா,

மேலே இருக்கிறாயா, இல்லை அங்கேயும் ஏதாவது தண்ணீருக்குள் தகட்டைத் தொங்கவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறாயா? எங்கே இருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு இதைக் கேள். நம் பெயிண்ட்டுக்கு ஆள் வந்திருக்கிறது.

படகின் அடியில் சிப்பி ஒட்டாமல் இருக்க, பல்கலைக்கழக ஆய்வகத்தில் நீயும் நானும் சேர்ந்து உருவாக்கிய அதே பெயிண்ட்தான். நீ போன பிறகு அது ஒரு கட்டுரையாகவும் ஒரு காப்புரிமையாகவும் அலமாரியில் தூங்கியது. இப்போது சென்னையிலிருந்து ஒரு பெயிண்ட் கம்பெனி, பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அதைச் சந்தைக்குக் கொண்டுவரலாமா என்று பார்க்க வந்தது. இவர்களும் வேண்டாம் என்றால் காப்புரிமையைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று பல்கலைக்கழக அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

கம்பெனியின் பொறியாளர் நம் சோதனைத் தகடுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தகட்டுல நல்லாத்தான் இருக்கு மேடம். ஓடுற படகுல எப்படி?" என்றார். பார்த்துச் சொல்கிறேன் என்று சமாளித்தேன். படகில் நாம் பூசிப் பார்த்ததே இல்லை என்றுதானே நினைத்திருந்தேன்?

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் படகு ஓட்டும் உன் தம்பி சேகருக்குப் போன் போட்டு, சோதனைக்கு ஒரு படகு கிடைக்குமா என்று கேட்டேன். "புதுசா எதுக்குக்கா? எம்படகுல எங்கக்கா அடிச்சது அப்படியேதான இருக்குது" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொறியாளரையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகு கரையில் ஏறியிருந்தது. வலது பக்க அடியில் நம் பெயிண்ட், வழுவழுவென்று. இடது பக்கம் கடையில் வாங்கிய பெயிண்ட், முழுக்கச் சிப்பி. ஒரே கடல், ஒரே ஓட்டம், ஒப்பிட்டுப் பார்க்க மறுபாதி! தம்பியின் பிழைப்பிலேயே பரிசோதனை வைக்க உன்னைத் தவிர யாருக்கடி தோன்றும்?

"ஒரு பக்கமாவே இழுக்குதுக்கா. புடிச்சுப் புடிச்சுத் தோள்பட்டையே போச்சு" என்றான் சேகர்.

"சுரண்டிட்டு ரெண்டு பக்கமும் ஒண்ணா அடிச்சிருக்கலாம்ல?" என்றேன்.

"நான் சொல்ற வரைக்கும் கை வைக்காதடான்னுச்சு அக்கா. அப்புறம் சொல்லவே இல்லையே."

பொறியாளர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அழுதேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை? தோற்றுவிட்டால் நான் உடைந்துபோவேன் என்றா? ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்பு, ஒற்றை ஆளாகவா அடித்தாய்? வலது பக்கத்திலும் முன்முனைக்குக் கிட்டே கொஞ்சம் சிப்பி பிடித்திருக்கிறது. அலை மோதிப் பெயிண்ட் தேய்ந்ததா, இல்லை அந்த இடத்தில் உன் கை சோர்ந்துவிட்டதா? அன்றிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் சில படகுகளில் பூசிப் பார்க்கப் பல்கலைக்கழகமும் கம்பெனியும் ஒப்பந்தம் போட்டுவிட்டன. கடைக்கு வருமா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். காப்புரிமை இப்போதைக்குப் பிழைத்தது.

கிளம்பும்போது சேகர் தயங்கித் தயங்கிக் கேட்டான். "இப்பவாவது அந்தப் பாதிய அடிச்சிரலாமாக்கா?"

நீ சொல்லாமல் போனதை நான் சொன்னேன். "அடிச்சிரலாம்டா."

கம்பெனியிலிருந்து முதல் டப்பா வந்ததும் நானே பிரஷ்ஷைப் பிடிப்பேன், இது சத்தியம். ஆனால் அந்த இடது பக்கத்தில் ஒரு கையகலம் மட்டும் பூசாமல் விடுவேன். இல்லாவிட்டால், ஒப்பிட்டுப் பார்க்க எங்கேடி என்று நீ கேட்பாய்.

உன் கூடப்பிறக்காத தங்கை,
ஷமீம்