மதர் சுப்பீரியரின் எலும்பு

பிப்ரவரி 9
மழை. அயர்லாந்தின் கெர்ரியில் இருந்துகொண்டு மழை என்று எழுதுவது மைக்குக் கேடு.

எங்கள் ஜெர்சி மாடு மதர் சுப்பீரியருக்கு இது பத்தாவது ஈற்று. மற்ற மாடுகளை மடத்துத் தலைவி போல மூக்காலேயே அதட்டுவாள். அதனால் அந்தப் பெயர். பாதிரியாருக்குப் பிடிக்கவில்லை. மாட்டுக்குப் பிடித்திருக்கிறது.

"இந்த ஈத்தோட கிழவியை கசாப்பு லாரியில ஏத்திடணும், நோரீன்," என்றார் என் கணவர் டெக்லன். அவரைவிட அவளுக்குப் பல் அதிகம்.

பிப்ரவரி 12
கிடேரிக் கன்று. தாயும் சேயும் நலம். டெக்லன் தேநீர்கூடக் குடிக்காமல் பக்கத்திலேயே நின்றார். விற்கப்போகிற மாட்டுக்கு எதற்கு இவ்வளவு?

பிப்ரவரி 13
காலையில் போனால் கீழே கிடக்கிறாள். கழுத்து விலாப்பக்கம் மடங்கி, காது சில்லென்று. போச்சு, போயிட்டா — அதுதான் தோன்றியது.

மாட்டு டாக்டர் ஓர்லா வந்து, கழுத்து நரம்பில் சுண்ணாம்புச் சத்து மருந்தை மெள்ள இறக்கினாள். வேகமாக இறக்கினால் இதயம் நின்றுவிடுமாம்.

"எலும்புல சுண்ணாம்புச் சத்து இருக்கும். வயசாயிட்டா அது கேட்ட உடனே குடுக்காது. மடி பாலுக்கு இழுக்குது, ரத்தம் காலியாயிடுது. ஆமா, ஈனுறதுக்கு முன்னாடி சுண்ணாம்புச் சத்துப்பொடி ஏதாவது போட்டீங்களா?"

இல்லை என்றேன். டெக்லன் தன் பூட்ஸைப் பார்த்தார்.

"கிழவியாச்சேன்னு... தினம் ஒரு கை."

"அதான் கெடுத்துச்சு, பெரியவரே. வாயிலயே வந்து விழுந்தா எலும்பு எதுக்கு வேலை செய்யும்?"

திட்டலாம் என்று வாயெடுத்தேன். எப்படித் திட்டுவது? சேற்றில் உட்கார்ந்து, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "எந்திரிடி சனியனே, எந்திரி" என்று கெஞ்சுகிற மனிதரை?

பாட்டில் தீருமுன் அவளுக்கு உடம்பு நடுங்கியது. நீளமாக ஓர் ஏப்பம். எழுந்தாள், திரும்பினாள், அவர் தொடைமேல் சாணி போட்டாள். அவர் துடைக்கவே இல்லை.

பிப்ரவரி 14
மறுபடி விழுந்தாள். மறுபடி ஓர்லா. மறுபடி எழுந்தாள். இன்று காதலர் தினமாம். அவளுக்குப் புது வைக்கோல் மெத்தை. எனக்கு ரோஜா இருக்கட்டும், ஒரு முள்ளுச்செடிகூட இல்லை.

மார்ச் 3
லாரிக்காரர் வந்தார். "கிழடு ஒண்ணு இருக்குன்னீங்களே?"

டெக்லன் வழியை மறித்து நின்றார். "கிழடா? இந்தப் பண்ணையில அப்படி யாரும் இல்லியே."

அறுபத்து மூன்று வயதோடு நானும் அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மறுத்துப் பேசவில்லை.